உரியவர் வந்து கேட்கும்வரை

டப்.

கைப்பேசிக் கடையில் அந்தப் பெண் புது உறையை மூடிக் காட்டினாள். “மேக்னெட், மேடம். தானா ஒட்டிக்கும்.” திறந்தாள், மூடினாள். டப். இன்னொரு முறை. டப். அந்த மூன்றாவது டப்பில் கண்ணாடி அலமாரிகளும் குளிர்ந்த காற்றும் எங்கோ விலகிப் போய், பெங்களூர் மர்பி டவுனில் ஒரு மாடிப்படி என் முன்னால் வந்து நின்றது. சிவப்புப் பூச்சு தேய்ந்த பன்னிரண்டு படிகள். கீழே கோழிக்கடை, மேலே கம்ப்யூட்டர் சென்டர். ஆறாவது படி வரை கோழி வாசனை கூடவே ஏறி வரும். ஏழாவதில் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆறு மெஷின், ஏழு ஸ்டூல், ஒரு அக்கா.

“பட்டன் வச்ச உறை இருக்கா?” என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பழைய காலத்து ஆள் என்று முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர், ரேஷன் கார்டில் ஏறிய பெயர். நாங்கள் யாரும் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் நான் முதன்முதலாகப் படியேறியபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லூரிப் பையன்களுக்கு அக்கா, கோழிக்கடை பாய்க்கு அக்கா, ஐம்பதைத் தாண்டிய பஸ் கண்டக்டருக்கும் அக்கா. அவரை இவள் அண்ணா என்பாள், இவளை அவர் அக்கா என்பார். யாருக்கும் அது இடிக்கவில்லை.

அவளும் எங்கள் பெயரைக் கேட்டதில்லை. எங்களுக்கு அவளே பெயர் வைத்துக்கொண்டாள்.

ஏன் என்று சொல்லவேண்டும். சென்டரில் காலையில் டைப்பிங் வகுப்பு, மாலை நான்கு முதல் எட்டு வரை கம்ப்யூட்டரில் விளையாட்டு. ஓர் ஆட்டம் ஒரே நாளில் முடியாது. எழுந்து போகும்போது, நின்ற இடத்தை மெஷின் ஒரு ஃபைலாக எழுதி வைத்துக்கொள்ளும். அதுதான் சேவ். மறுநாள் அதைத் திறந்தால் நேற்று விட்ட மூச்சை இன்று இழுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மெஷினில் நான்கு பேர் மாறி மாறி உட்கார்ந்தால், ஒருவர் சேவ்மேல் இன்னொருவர் சேவ் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற சென்டர்களில் தினமும் ஒரு மகாராஜ்யம் இப்படித்தான் அழிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை ராஜாவாக எழுந்து போனவன் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் காட்டில் ஒற்றைக் கோடரியோடு நிற்பான்.

அக்காவிடம் அது நடக்காது. எட்டு மணிக்கு எல்லோரும் போனபிறகு மெஷின் மெஷினாக உட்கார்ந்து, ஒவ்வொருவர் சேவையும் தனித்தனியாக எடுத்து, தனிப்பெயர் வைத்து, தனி இடத்தில் போடுவாள். நாம் வந்து உட்காருவதற்குமுன் நம்முடையதை எடுத்து, தட்டில் வைத்ததுபோல, மெஷினில் போட்டு வைத்திருப்பாள். சனிக்கிழமை தோறும் எல்லாவற்றுக்கும் பிளாப்பி தகட்டில் ஒரு நகல். அந்தப் பழைய ஆட்டங்களில் ஃபைல் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம். அந்த எட்டுக்குள் ஓர் ஆளை மடக்கிப் போடுவது அவளுக்கு ஒரு விளையாட்டு. அந்த அறையில் அவள் விளையாடிய ஒரே விளையாட்டு. மீசைக்காரர் மீசை. தடித்த கண்ணாடி போட்ட பெண் கண்ணாடி. கண்டக்டர் டிக்கெட். அடுத்தவர் பெயரெல்லாம் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தால் தெரியும். நம் பெயர் நமக்குத் தெரியாது. என் பெயர் என்ன என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “உனக்கு எதுக்கு? உன்னைக் கூப்பிட எனக்குத் தெரியும்” என்பாள்.

“நீங்க ஏங்க்கா ஆடறதே இல்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு ஆடத் தெரியாதும்மா. வைக்கத் தெரியும்.”

வைக்கத் தெரியும் என்பது சாதாரண வாக்கியம் இல்லை. படி முடிந்ததும் இடதுபுறம் ஓர் இரும்பு அலமாரி. யாரோ மறந்துவிட்டுப் போன குடை, சோடா பாட்டில் மூடி போன்ற மூக்குக்கண்ணாடி, ஒற்றைக் கொலுசு, பாதி படித்த ஒரு கன்னட நாவல், எல்லாம் அங்கே இருக்கும். ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்திய ஒரு சீட்டு. மாதம், பொருள், ஆள், கடைசியில் ஒரே வரி. ‘ஜூலை. குடை. உயரமானவர். உரியவர் வந்து கேட்கும்வரை.’ அந்த உயரமானவர் இரண்டு மழைக்காலம் வரவில்லை. மாதம் ஒருமுறை அக்கா குடையை விரித்து ஜன்னலோரம் காயவைத்து, திரும்ப மடித்துச் சீட்டைக் குத்தி வைப்பாள். மூன்றாவது மழையில் அவர் வந்தார், வேறெதற்கோ. குடையைக் கொடுத்ததும் அவர் அதைத் தெரியாத குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்.

அவள் அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பெட்டி படுக்கை வைத்துக்கொள்ளும் க்ளோக் ரூமில் இருந்தவர். அவரைப்பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான்: “இருபது வருஷம். ஒரு பொட்டியக்கூட தொறந்து பாத்ததில்ல.”

இவளும் பார்க்கமாட்டாள். பிறர் ஆட்டத்தைக் காப்பி எடுப்பாளே தவிர, திறக்கமாட்டாள். திறக்கவும் விடமாட்டாள். ஒரு கல்லூரிப் பையன் தன் நண்பன் எதுவரை போயிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளத் தவித்தான்.

“எந்த லெவல்னு மட்டும் சொல்லுக்கா. ப்ளீஸ்.”

“அவனக் கேளு.”

“சொல்ல மாட்டேங்கறான்க்கா.”

“அப்ப எனக்கும் தெரியாது.”

“சும்னே சொல்லாத. நீதானே காப்பி எடுக்கற!”

“உன்னுதும் நான்தான் எடுக்கறேன். அவனும் நேத்து வந்து கேட்டான். சொல்லட்டா?”

பையன் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பெங்களூரில் அப்போது கரண்ட் சொல்லாமல் போகும். மழைத்துளி விழுமுன், காற்று கொஞ்சம் ஈரமாகத் திரும்பினாலே போய்விடும். சென்டரின் கிழட்டு யூபிஎஸ் மூன்று நிமிஷம் தாங்கும். அது பீப் என்று முதல்முறை கத்தியதும் அக்கா எழுந்து கைதட்டுவாள். “சேவ்! சேவ்! எல்லாரும் சேவ்!” தீப்பிடித்த வீட்டில் கூப்பிடுகிற குரல். ஆறு விசைப்பலகையும் ஒரே நேரத்தில் சடசடவென்று ஒலிக்கும். கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, “ஸ்டாப்பிங்!” என்பார். நான் மட்டும் செய்யமாட்டேன். என் ஆட்டம் ஒரு குகை. விளக்கைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கவேண்டும். அந்த வளைவுக்கு அப்பால் என்ன என்று பார்த்துவிட்டுச் செய்கிறேன், இன்னும் ஒரே ஓர் அடி, என்று போவேன். திரை கறுத்துவிடும். அன்றைய இரண்டு மணி நேரமும் குகையோடு போகும்.

“நீ மட்டும் ஏம்மா இப்டி?” என்பாள் அக்கா இருட்டுக்குள்ளிருந்து. குரலில் கோபம் இருக்காது. நோயாளியிடம் டாக்டர் கேட்கும் கேள்வி.

எனக்கு அப்போது இருபத்து நான்கு. அல்சூரில் ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனியில் வாசகம் எழுதும் வேலை. பிறந்தநாள், திருமணம், பிரிவு, மன்னிப்பு. மன்னிப்பில் மட்டும் பன்னிரண்டு அட்டை எழுதியிருந்தேன். ஒன்றில் முயல்குட்டி காதை மடக்கிக்கொண்டு நிற்கும்.

மூன்றாம் நம்பர் மெஷின் கண்டக்டருடையது. நான் நான்காம் நம்பர். அதனால் அவர் ஊர் எனக்குத் தெரியும். வெறும் மண்ணில் ரோடு போட்டு, வீடு வைத்து, தண்ணீர் விட்டு, ஆட்களைக் குடியேற்றும் ஆட்டம். இரண்டு வருஷமாக ஒரே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வருவார். கட்டைவிரலில் டிக்கெட் கிழித்த மை இருக்கும்.

“நம்ம ஊர்ல ஒருத்தன் பஸ் பின்னாடி ஓடக்கூடாதுக்கா” என்பார். “முப்பது வருசமா ஓடறவங்களப் பாத்துப் பாத்து எனக்கு நெஞ்சு நோவுது. வயசானவங்க, பொம்பளைங்க, பையத் தூக்கிக்கினு. நான் ரைட்னு விசிலடிச்சா டிரைவர் எடுத்துருவான். என்ன பண்றது, டைம்னு ஒண்ணு இருக்கே.”

அதனால் அவர் ஊரில் தெருவுக்கு ஒரு பஸ் ஸ்டாப். ரோடுகளெல்லாம் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடு. குறுக்கே எது வந்தாலும் இடித்துத் தள்ளிவிட்டு ரோடு போகும். காலி இடம் இருந்தால் டிப்போ. பூங்கா கிடையாது. “பார்க்குல போய் என்ன பண்ணப் போறாங்க? பஸ் ஏறினா லால்பாக் போய்க்கலாம்.”

இரண்டாயிரத்து ஒன்றில், மே மாதம், அவர் முகம் சுருங்கியிருந்தது. வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் எங்கே போகிறார் என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். ஊர் கட்டுகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

“யாருக்குக் கட்டறேன்னு கேக்கறாக்கா. எந்த ஏரியால சைட்டு வாங்கின, எவளுக்கு வீடு எழுப்பறேன்னு கேக்கறா. கம்ப்யூட்டர்லன்னா சிரிக்கிறா. சிரிப்பில்ல அது. பதினோரு நாளா கேரியர்ல சாப்பாடு வருது, பேச்சு வரல. அவ தம்பியக் கூப்ட்டு என் பின்னாடி அனுப்பப் போறாளாம். இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?”

சொல்லிவிட்டு விசிலை எடுத்து, ஊதாமல், உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா தன் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, “நாளைக்கு வேணாம், அடுத்த ஞாயித்துக்கிழம அண்ணிய இங்க கூட்டிக்கினு வாங்க” என்றாள். “ரெண்டாம் பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு நான் சென்டரத் தொறக்கறேன். அவங்களே பாக்கட்டும். உங்க ஊரு என்கிட்டதானே இருக்கு. எங்க போயிடப் போவுது?”

அது சனிக்கிழமை. பிளாப்பியில் நகல் எடுக்கும் நாள். அவள் அத்தனை நாளும் பிளாப்பிகளைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டிபன் பாக்ஸின் மூடி போன வாரம் பிளந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் அன்று கமர்ஷியல் தெருவில் ஒரு பென்சில் பெட்டி வாங்கி வந்திருந்தேன். மூடியில் இரண்டு அன்னப்பறவைகள். மூடிக்கு உள்ளே மெத்தை. பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால் வகுப்பே சூழ்ந்துகொள்ளும். அந்த ஆசை எனக்குள் தீராமல் கிடந்திருக்கவேண்டும்.

அக்கா திறந்தாள். மூடினாள். டப். மறுபடி திறந்தாள், மூடினாள். டப். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“எறும்புகூட உள்ள போவாதும்மா” என்றாள்.

பிளாப்பிகள் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின. ஞாயிற்றுக்கிழமை எடுக்க வசதியாக டிக்கெட் பிளாப்பியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். ஸ்பீக்கர் பக்கத்தில் பிளாப்பி வைக்காதே, உள்ளே இருக்கும் காந்தம் அதில் எழுதியதைத் தின்றுவிடும் என்று எங்களை நாளுக்குப் பத்துமுறை விரட்டுகிறவள் அவள்தான். ஆனால் ஸ்பீக்கரைப் பார்த்தால்தான் காந்தம் ஞாபகம் வரும். அன்னப்பறவையைப் பார்த்தால் யாருக்கு வரும்?

புதன்கிழமை மாலை இடி இறங்கியது. முதலில் ஜன்னல் வெள்ளையானது, பிறகுதான் சத்தம். யூபிஎஸ் பீப் சொல்லக்கூட நேரமில்லாமல் கமறியது. எதிரில் குல்மோகர் கிளை ஒன்று கம்பிமேல் சாய்ந்து, தெரு முழுக்க நீலப் பொறி. கரண்ட் திரும்பியபோது ஐந்து மெஷின்கள் எழுந்தன. மூன்றாம் நம்பர் எழவில்லை. உள்ளே எதுவோ டக் டக்கென்று தலையை முட்டிக்கொண்டது, பிறகு அதுவும் நின்றது.

அக்கா பதறவில்லை. “நகல் இருக்கு” என்று டிக்கெட்டை எடுத்து இரண்டாம் நம்பரில் போட்டாள். டிர்ர்க். டிர்ர்க். டிர்ர்க். கல் கலந்த அரிசியை மெல்லும் சத்தம். படிக்க முடியவில்லை என்றது திரை. ஐந்தாம் நம்பர். டிர்ர்க். முதல் நம்பர். டிர்ர்க். அடுத்த பிளாப்பியும் போயிருந்தது, அதற்கடுத்ததும். அடியில் கிடந்தவை மட்டும் பிழைத்திருந்தன.

அவள் குனிந்து நான்காம் நம்பரின் வாயில் இன்னொரு தடவை பிளாப்பியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. சீட்டிலிருந்து கழன்ற ஒரு குண்டூசி அதன் பக்கத்தில் இருந்தது. மூடியைச் சாத்தலாம் என்று நான் கை வைத்தேன். குண்டூசி துள்ளி, அன்னப்பறவையின் கழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த டப் சத்தம் காந்தத்துடையது.

அக்காவின் முதுகைப் பார்த்தேன். ஊசியைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். பன்னிரண்டு மன்னிப்பு அட்டை எழுதியவளுக்கு ஒரு வரி வரவில்லை.

மறுநாள் கண்டக்டர் படியேறி வந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள். “மெஷின் அடிபட்டிருக்குண்ணா. ஞாயித்துக்கிழம வாங்க.”

“ஊரு?”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். “வாங்க.”

“உன்கிட்ட இருக்கற வரைக்கும் எனக்கின்னா கவல” என்று இறங்கிப் போனார். ஆறாவது படியில் கோழி வாசனைக்குள் அவர் விசில் கேட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வர முடியுமா உன்னால?”

“எதுக்குக்கா?”

“ரெண்டு வருஷமா வச்சிருக்கேன், ஒரு தடவகூட அந்த ஊரத் தொறந்து பாத்ததில்ல. நீ பக்கத்துல உக்காந்து எட்டி எட்டிப் பாப்பே இல்ல? அது எப்டி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு.”

வெள்ளியும் சனியும், டைப்பிங் வகுப்புக்கு முந்தைய மூன்று மூன்று மணி நேரம். கூடவே வெள்ளி, சனி மதியங்கள். நான் ஆபீஸில் தலைவலி என்று சொன்னேன். அக்கா முதன்முறையாக ஆட உட்கார்ந்தாள். பத்து விரலும் எழுத்துமேல் பறக்கும் அவளுக்கு மவுஸ் மட்டும் பிடிபடவில்லை. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள், இறுக்கினால் செத்துவிடும் என்று. முதலில் கட்டிய ஊரில் தண்ணீர் விட மறந்தாள். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். “ஐயோ, சொல்லாம போறாங்களே!” இரண்டாவது ஊர் எரிந்தது. மூன்றாவது நின்றது.

“டிப்போ இங்க. இதுக்கு எதிர்ல ஆஸ்பத்திரி” என்று நான் சொல்லச் சொல்லப் போட்டாள். “இங்கேருந்து நேரா ஒரு ரோடு, அந்தக் கோடி வரைக்கும்.”

இழுத்துக்கொண்டே போனவள் நின்றாள். “வீடு இருக்கே.”

“இடிச்சுடுங்க. அவர் இடிச்சுடுவார்.”

“உள்ள ஆளிருக்காங்களே, விளக்கெரியுது பாரு.”

“அக்கா, அது பொம்மை வீடு!”

“இருக்கட்டும்.” ரோட்டை வளைத்துக் கொண்டுபோனாள். அடுத்த வீட்டிலும் அதேதான். நேர்கோடாக இருந்த ஊர், மல்லேஸ்வரத்துப் பூக்காரம்மா கையிலிருந்து நழுவிய சரம்போல நெளிந்து கிடந்தது. இப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்வல்ப இரு, கொஞ்சம் இரு என்று தட்டிக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு நாளில் என் வாய் எத்தனையோ முறை திறந்தது. ஒவ்வொரு முறையும் டிப்போ, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப் என்றுதான் வெளியே வந்தது.

பென்சில் பெட்டி மேசைமேல் இல்லை. தூக்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். பிளந்த டிபன் பாக்ஸ் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கண்டக்டரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும் என்று அக்கா படி முனையிலேயே நின்றிருந்தாள். ஆனால் முதலில் ஏறி வந்தவர் அவர் மனைவி. பச்சைப் பட்டுப் புடவை, தலையில் கனகாம்பரம், யாரையும் வெட்டிவிடத் தயாரான முகம். அறையைச் சுற்றிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆறு மெஷினையும் பார்த்தார்.

“எங்க அந்த ஊரு?”

சொல்ல இடமே கிடைக்கவில்லை. அக்கா இரண்டாம் நம்பரைக் காட்டினாள். கண்டக்டர் உட்கார்ந்தார். பார்த்தார். கட்டைவிரல் மை மவுஸ்மேல் அப்படியே நின்றது. நான் ஜன்னல் கம்பியை எண்ணினேன். அக்கா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“இதா?” என்றார் மனைவி.

“இது டிப்போ” என்றார் கண்டக்டர் மெல்ல. “இது ஆஸ்பத்திரி. இதெல்லாம் ஸ்டாப்பு. யாரும் ஓட வேணாம்.”

மனைவி குனிந்தார். வளையல் திரையில் உரசியது. “அதென்ன, இந்த ரோடு இப்படி வளைஞ்சு போவுது?”

கண்டக்டர் அந்த வளைவைப் பார்த்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு திரைக்கே திரும்பினார்.

“அங்க ஒரு வீடு இருக்கு பாரு” என்றார். “இடிக்க மனசு வரல.”

“யாருக்கு? உங்களுக்கா?” மனைவியின் குரலில் ஏதோ கழன்றது. “நம்ம வீட்ல ஒரு செவுத்துல ஆணி அடிக்கச் சொன்னா மூணு செங்கல்ல பேத்துட்டு வருவீங்க. உங்களுக்கு மனசு வரலையா?” சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு நாளோ பத்தொன்பது நாளோ தேக்கி வைத்த சிரிப்பு, அறையையே குலுக்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நம்ம வீடு எங்க இருக்கு இதுல? காட்டுங்க” என்றார்.

அவர்கள் கிளம்பியபோது மனைவி முன்னால் இறங்கினார். அக்கா கண்டக்டரைப் படியில் நிறுத்தினாள்.

“அண்ணா. உங்க ஊரு போயிடுச்சு. இது நான் போட்டது.”

“தெரியும்க்கா. முப்பது வருசமா நேர் ரோட்ல போற ஆளு நான்.”  அவர் கண்களில் இரண்டு வருஷம் ஒருமுறை வந்துவிட்டுப் போனது. “எப்டிப் போச்சு?”

“நான் சரியா வைக்கல.”

அவள் அதைச் சொன்னபோது நான் ஒன்றரை அடி தள்ளி நின்றிருந்தேன். வேறெவர் சொன்னாலும் சாதாரண வாக்கியம். அவள் வாயிலிருந்து அது வருவதற்கு எதுவெல்லாம் இடிந்திருக்கவேண்டும். நான் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. கோழிக்கடை பாய் கத்தியைத் தீட்டும் சத்தத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“போனா போவுது வுடு” என்றார் கண்டக்டர். “காலைல முதல் ட்ரிப்புக்கு பஸ் காலியாத்தானே கிளம்புது. மறுபடி ஏத்திக்கலாம். ஆனா அந்த வளைவ மட்டும் எடுக்காத. சேவ் பண்ணி வை.” விசிலை எடுத்து நீளமாக ஊதினார். கீழேயிருந்து அவர் மனைவி, “வாங்கன்றேன், தெருவே பாக்குது!” என்று கத்தினார்.

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வந்தார்கள். மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஊருக்குப் பூங்கா கேட்டுச் சண்டை போடுவார். அக்கா அந்த ஃபைலின் பெயரைக்கூட மாற்றினாள். எட்டு எழுத்துக்குள் இரண்டு பேரை எப்படி மடக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து இரண்டில் சென்டரை மூடினார்கள். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்தது. அக்காவுக்கு ஓசூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. கடைசி ஒரு வாரம் முழுவதும் ஒவ்வொருவராக வரச்சொல்லி அவரவர் ஆட்டத்தை ஒப்படைத்தாள். ஆளுக்கு இரண்டு பிளாப்பி. வராதவர்களை வீடு தேடிப் போனாள். பாதிப்பேர் அந்த ஆட்டத்தையே மறந்திருந்தார்கள். அதற்கென்ன, அவர்களுடையதுதானே.

நான் கடைசி நாள் போனேன். மெஷின்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறையில் ஒரு ஸ்டூல் மிச்சம். என் இரண்டு பிளாப்பிகளைத் தந்தாள். சீட்டில் அவள் டைப் அடித்திருந்த என் பெயரை மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறை படித்தேன்.

அவசரம்.

ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தேன். சரியாக எட்டு எழுத்து.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள், எங்கே மாறினேன் என்று தெரியவில்லை, “அக்கா” என்றேன். “அன்னிக்கு கண்டக்டர் சார் ஊரு போச்சே. நான் குடுத்த பெட்டிதான் காரணம். மூடில காந்தம் இருந்துச்சு. அன்னிக்கே பாத்தேன். சொல்லல.”

அவள் இரும்பு அலமாரிக்குப் போனாள். காலியான அலமாரி. மேல்தட்டில் ஒரே ஒரு பொருள், செய்தித்தாளில் சுற்றியது. கொண்டுவந்து என் கையில் வைத்தாள். குண்டூசியால் குத்திய சீட்டு.

‘மே. பென்சில் பெட்டி. அவசரம். உரியவர் வந்து கேட்கும்வரை.’

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஊசி ஒட்டினதப் பாத்தேன். நீ பிடுங்கினதையும் பாத்தேன். கம்ப்யூட்டர் கண்ணாடில எல்லாம் தெரியுதும்மா.”

“அப்ப ஏன்க்கா என்னைக் கேக்கல?”

“உன்னுது அது. நான் எதுக்குத் தொறக்கணும்?”

தாளைப் பிரித்தேன். அன்னப்பறவைகள் துளி அழுக்கு இல்லாமல் இருந்தன. மாதம் ஒருமுறை துடைத்திருப்பாள். திறந்து மூடினேன். டப். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் படியில் இறங்கத் தொடங்கினேன். கோழி வாசனை தொடங்கும் ஆறாவது படியில் திரும்பிப் பார்த்தேன். மேலே அவள் இரண்டு கையிலும் தூசியோடு நின்றிருந்தாள்.

“ஏய் அவசரம்” என்றாள். “அதுல பென்சில் மட்டும் வை, என்ன?”